ஐயா எழுதி வச்சிட்டுப் போன சாவுப் பாட்டு, நினைவு மலர்ல போடலாமா?

பள்ளத்தூர் பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு யோசனை வேணும், நம்ம செட்டிநாட்டுப் பக்கத்து ஆளுக நெறைய இருக்கிற எடம்ங்கிறதால இங்க கேக்குறேன்.

எங்க ஐயா (அப்பச்சியோட, அதாவது எங்க அப்பாவோட அப்பா) போன வாரம் தவறிட்டாக. தொண்ணூறைத் தாண்டின வயசு, ஆஸ்பத்திரி, படுக்கை எதுவும் இல்ல, மத்தியானம் மோர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டுட்டு பட்டாலையில சாஞ்சவுக எந்திரிக்கல. கேதத்துக்கு வந்த எல்லாருமே கல்யாணச் சாவுப்பான்னுதான் சொல்லிட்டுப் போனாக, பேரப்புள்ளைக நாங்க எல்லாம் நெய்ப்பந்தம் புடிச்சோம், அந்த வகையில மனசுக்குக் குறை ஒண்ணும் இல்ல.

விசயம் என்னன்னா பதினாறாம் நாள் குடுக்க நினைவு மலர் போடணும்னு முடிவாச்சு, எனக்கு கம்ப்யூட்டர் தெரியும்ங்கிற ஒரே காரணத்துக்காக அந்த வேலை என் தலையில விழுந்துருச்சு. பழைய போட்டோ தேடுறேன்னு ரெண்டாம் கட்டுல இருந்த பெட்டகத்தைத் தெறந்தா உள்ள ஒரு சிட்டை. முன்பக்கம் பூரா பால் கணக்கு, வேலையாள் சம்பளம், கோயில் புள்ளி வரி கட்டுனது. நோட்டைத் திருப்பிப் புடிச்சா பின்பக்கத்துல இருந்து பாட்டா எழுதியிருக்காக. மேல தலைப்பு "நான் போன பெறகு படிக்க". எல்லாமே அவுக சாவைப் பத்தி அவுகளே அடிச்சுக்கிட்ட கிண்டல். ரெண்டு மட்டும் போடுறேன்.

வட்டி வாங்கித் தின்ன வீட்டு வாசலுல
வந்து நிக்குறான் எமன் அசலுக்கு
தொட்டுத் தொட்டு நோட்டைப் புரட்டிப் பாத்துப்புட்டேன்
தொண்ணூறு வருசமாப் பாக்கியாமில்ல!

அடுத்தது:

மாலை வாங்கி வர்றவுகளே மல்லிகைப்பூ வேண்டாம்
மணம் ஏறித் தும்மிப்புட்டா மறுபடியும் செலவு
சேலைமுந்தி பொத்திக்கிட்டுச் சேந்தழுகும் ஆச்சிகளே
சாவிக்கொத்து தலைகாணிக்கீழ, தேடவேண்டாம் வளவு!

படிச்சுட்டு பெட்டகத்துக்கு முன்னாடியே உக்காந்து சிரிச்சேன். அப்பத்தாகிட்ட படிச்சுக் காட்டுனா அவுகளும் சிரிச்சாக, அப்பறம் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கிட்டாக. ஆனா பெரியப்பச்சி ஒரே புடியா வேண்டாங்கிறாக. "ஊர்ப்பெரியவுக எல்லாம் படிக்கிற மலரு, அதுல போய் கோமாளித்தனமா, தேவாரம் திருவாசகம் போடு, குடும்ப மரம் போடு, போதும்"ங்கிறாக. அப்பச்சி வழக்கம்போல அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டாக.

இன்னொண்ணும் கேக்கணும். ஐயா சின்ன வயசுல பினாங்குல கிட்டங்கியில (நம்மாளுக வட்டிக்கடை நடத்துன எடம்) இருந்தவுக, அங்க புடிச்ச பழக்கம் இங்கிலீஷ் பாட்டு, ஜிம் ரீவ்ஸ்ல ஆரம்பிச்சு கண்ட்ரி மியூசிக்ங்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு டேப்பு ஒரு டிரங்குப் பெட்டி நெறைய இருக்கு. சிட்டையோட கடைசிப் பக்கத்துல "அன்னைக்கு இதுகளைப் போடவும்"னு ஒரு லிஸ்ட்டு. யூட்யூப்ல தேடிக் கேட்டா மெட்டு பாட்டுக்கு குதியாட்டம் போடுது, வார்த்தை பூரா சாவு! அமெரிக்காக்காரன் இப்படித்தான் எழுதுவானா, இல்ல எங்க ஐயா தேடித் தேடி அந்த மாதிரி பொறுக்குனாகளா? தெரிஞ்சவுக சொல்லுங்க. மலர் இந்த வாரக் கடைசிக்குள்ள பிரஸ்ஸுக்குப் போகணும்.


ஆத்தங்குடி ஆச்சி:

தம்பி, ஐயாவுக்கு நல்ல சாவு. அப்பத்தாவைப் பாத்துக்கங்க, ஆளுக கூட்டம் கொறைஞ்ச பெறகுதான் அவுகளுக்கு இருக்கு.

சாவு வீட்ல சிரிப்பு ஆகாதுன்னு சொல்ற உங்க பெரியப்பச்சி ஒப்பாரியைக் கிட்ட உக்காந்து கேட்டதில்லைன்னு நெனக்கிறேன். ஆம்பளைக எல்லாம் முகப்புல நாற்காலி போட்டு உக்காந்துக்குவாக, உள்ள வளவுல நடக்கிறது அவுகளுக்கு எங்க தெரியும். எங்க அப்பத்தா காலத்துல இருந்து சொல்லிக்கிட்டு வர்ற கதை ஒண்ணு இருக்கு, தமிழ்நாடு பூரா தெரிஞ்சதுதான், ஆனா எங்க வளவுல அதை ராகத்தோட பாடித்தான் காட்டுவாக. ரெண்டு பேரு எழவுக்குப் போறாக, கட்டிப்புடிச்சு அழுகுறாக. அழுதுக்கிட்டே ஒருத்தி கண்ணு கொல்லைப் பக்கம் போகுது, அங்க பந்தல்ல பாவக்கா தொங்குது. உடனே ஒப்பாரி ராகத்துலயே "பந்தலிலே பாவக்கா, பந்தலிலே பாவக்கா"ன்னு இழுக்குறா. கூட வந்தவளுக்குப் புரிஞ்சு போச்சு, அவளும் மாரடிச்சுக்கிட்டே "போகையிலே பாத்துக்கலாம், போகையிலே பாத்துக்கலாம்"ங்கிறா. செத்த வீட்டுக்காரி, அவளும் அதே ராகம், கண்ணுல தண்ணி நிக்கல, "அது வெதைக்கில்ல விட்டிருக்கு, வெதைக்கில்ல விட்டிருக்கு"!

இதுல பாருங்க, மூணு பேரும் நெசமாத்தான் அழுகுறாக. யாரும் நடிக்கல. அழுகையும் இருக்கு, பாவக்காயும் இருக்கு, ரெண்டும் ஒரே மூச்சுல வருது. எங்க அப்பத்தா இதைப் பாடுனா கேதத்துக்கு வந்த கூட்டமே குலுங்கும், பெறகு அடுத்த நிமிசமே தலைமாட்டுல போய் நெசமான ஒப்பாரி வைப்பாக.

மருமக்க மாமியாரை இழுக்குறது, நாத்தனா சீரு செய்யாததைச் சொல்லிக் காட்டுறது இதெல்லாம் ஒப்பாரியிலதான் நடக்கும், வேற எங்கயும் பேச முடியாததை அன்னைக்குப் பாட்டா சொல்லிப்புடலாம், யாரும் எதுத்துக் கேக்க முடியாது. அதனால உங்க ஐயா ஒண்ணும் புதுசா பண்ணிப்புடல. போடுங்க தம்பி.

அது சரி, சாவிக்கொத்து தலைகாணிக்குக் கீழதான் இருந்துச்சா?


பள்ளத்தூர் பேரன்:

தலைகாணிக்குக் கீழ ஒரு வாடிப்போன வெத்தலையும் ரப்பர் பேண்டும்தான் இருந்துச்சு ஆச்சி. சாவிக்கொத்து அப்பத்தா இடுப்புல.


பழைய ரேடியோ:

கண்ட்ரி மியூசிக்னு பாத்ததும் ஓடி வந்தேன், காரைக்குடியில இதைப் பத்திப் பேச ஆளே கெடைக்காது.

உங்க ஐயா பொறுக்கி எடுத்ததும் நெசம், அமெரிக்காக்காரன் அப்படி எழுதுவாங்கிறதும் நெசம். அந்த ஊரு கண்ட்ரி பாட்டுக்கு சாவு, குடி, பொண்டாட்டி விட்டுட்டுப் போறது, இந்த மூணும் இல்லாட்டி பொழப்பே இல்ல. ஜிம் ரீவ்ஸ் நம்மூர்லயும் இலங்கையிலயும் ரொம்ப பிரபலம், அந்த மனுசனே 1964 ஜூலையில நாஷ்வில் பக்கத்துல விமானம் விழுந்து போய்ச் சேந்தவரு. ஆனா அவரு மெல்லிசா உருகுற ஆளு, கிண்டல் அங்க கெடைக்காது. லிஸ்ட்ல ஹேங்க் வில்லியம்ஸ் இருக்கான்னு பாருங்க, கட்டாயம் இருக்கும்.

அவரு பாட்டு ஒண்ணு, இந்த உலகத்தை விட்டு உசுரோட தப்பிக்கவே மாட்டேன்ங்கிறதுதான் தலைப்பே. 1952 கடைசியில வந்துச்சு. பாட்டுல ஒருத்தனுக்கு தொட்டதெல்லாம் வெளங்காது. தூரத்துச் சொந்தத்துல ஒரு மாமா செத்து சொத்தை எழுதி வச்சிட்டுப் போவாரு, ஆகா வாழ்வு வந்துருச்சுன்னு நெனக்கும்போது வக்கீல் வந்து நீ பொறக்கவே இல்ல, முட்டையில இருந்து பொரிஞ்சவன்னு நிரூபிச்சுட்டுப் போயிருவான்! இப்படி வரிசையா அடி மேல அடி. சரி, சும்மா தமாசுன்னு விட்டுறலாம், ஆனா 1953 ஜனவரி 1 அன்னைக்கு ஒஹையோவுல கேண்டன்ங்கிற ஊருக்குக் கச்சேரிக்குப் போற வழியில கார் பின்சீட்டுலயே ஹேங்க் செத்துப்போறாரு. வயசு 29. கச்சேரி மேடையில ஏறி அவரு செத்துட்டாருன்னு சொன்னதும் சனங்க சிரிச்சிருக்காக, வராம இருக்கிறதுக்கு வழக்கமா சொல்ற சாக்குல இது ஒண்ணுன்னு நெனச்சுட்டு. மேடையில இருந்த மத்த பாட்டுக்காரங்க அவரோட பக்திப் பாட்டை எடுக்கவும்தான் கூட்டத்துக்கு வெளங்கிருக்கு, பெறகு எல்லாரும் சேந்து பாடிருக்காக. அந்த உசுரோட தப்பிக்க மாட்டேன் பாட்டு அந்த ஜனவரியிலயே கண்ட்ரி பட்டியல்ல முதல் எடத்துக்குப் போச்சு.

இந்த அடி மேல அடி கணக்கு நமக்கு ஒண்ணும் புதுசில்ல. பழைய பாட்டு ஒண்ணு பள்ளிக்கூடத்துல வாத்தியாரு சொல்லுவாரே,

ஆவீன மழைபொழிய இல்லம் வீழ
அகத்தடியாள் மெய்நோவ அடிமை சாவ

ன்னு ஆரம்பிச்சு, மாடு கன்னு போடுது, மழை கொட்டுது, வீடு இடியுது, பொண்டாட்டிக்கு ஒடம்புக்கு முடியல, வேலையாள் சாகுறான், ஈரம் காயுதேன்னு வெதையைத் தூக்கிட்டு ஓடுறான், வழியில கடன்காரன் மறிக்கிறான், சாவு ஓலையோட ஒருத்தன் எதுக்க வர்றான், தட்ட முடியாத விருந்தாளி வர்றாக, பாம்பு கடிக்குது, அரண்மனை வரி கேக்குது, கடைசியில குருக்கள் வந்து தட்சணை குடுங்கிறாரு. அந்தக் குருக்களை கடைசி அடியில கொண்டாந்து நிறுத்துனான் பாருங்க, அங்கதான் புலவன் நிக்கிறான். சாவு ஓலை நடுவுல போயிருச்சு, அதைவிடப் பெரிய தொந்தரவு தட்சணை! ஹேங்க் பாட்டையும் இதையும் அடுத்தடுத்து வச்சுப் படிச்சா எந்த ஊருப் பாட்டு எதுன்னே தெரியாது.

அப்பறம் ஜான் ப்ரைன்னு ஒருத்தரு. 1973ல ஒரு பாட்டு, என்னைப் பொதைக்காதீங்கன்னு. காலையில எந்திரிச்சு செருப்பை மாட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போறான், செத்துப்போறான். அவ்ளோதான், ஒரே வரி. பெறகு சொர்க்கத்துல இருந்துக்கிட்டு கண்ணு இவனுக்குக் குடு, காது அவனுக்குக் குடுன்னு ஒடம்பையே பாகம் பிரிக்கிறான். உங்க ஐயா பாட்டுல வர்ற சாவிக்கொத்துக்கும் அந்தச் செருப்புக்கும் ரொம்ப தூரம் இல்ல. ப்ரைன் 2020 ஏப்ரல்ல கொரோனாவுல போயிட்டாரு. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் ஜோ டிஃப்பின்னு இன்னொருத்தரும் அதே கொரோனாவுல, நான் செத்தா என்னைப் பாட்டுப்பெட்டி பக்கத்துல முட்டுக் குடுத்து நிக்க வையுங்கன்னு 1993ல பாடுன ஆளு. ஒரே வசந்தத்துல ரெண்டு பேரும், அந்த நேரம் கூட்டம் கூடி வழியனுப்பக்கூட வழியில்லாத காலம்.


தேவகோட்டை ரஸ்தா:

எல்லாரும் ஒரே பக்கம் நின்னு கைதட்டுறீக, நான் எதுப்பக்கம் நிக்கிறேன்.

தொண்ணூறு வயசுல மோர்சாதம் சாப்பிட்டுட்டுப் போனவுகளுக்கு இதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். எங்க வீட்ல தம்பி போனப்ப அவனுக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தோம். கேதத்துக்கு வந்த ஒரு பெரிய மனுசன் முகப்புல உக்காந்துக்கிட்டு எமனைப் பத்தி ஏதோ ஜோக்கு சொல்லி நாலு பேரு சிரிச்சாக. அந்தச் சிரிப்பு சத்தம் உள்ள எங்க ஆத்தா காதுல விழுந்துச்சு. அதுக்கு மேல நான் சொல்ல விரும்பல.

மலர் யாரு கைக்கெல்லாம் போகும்னு உங்களுக்குத் தெரியாது. அந்த மாசம் யாரு வீட்ல என்ன நடந்திருக்கோ. உங்க பெரியப்பச்சி அந்த நெனப்புல சொல்லியிருக்கலாம், அவுகளைப் பழமைன்னு ஒதுக்காதீங்க.


குன்றக்குடி குசும்பன்:

ரஸ்தா அண்ணே நீங்க சொல்றது சரி, ஆனா அந்தப் பெரிய மனுசன் அடுத்த வீட்டு எழவுல ஜோக்கு சொன்னான், இவுக ஐயா தன் எழவுலதானே சொல்லிருக்காக. தன் சாவு தன் சொத்து, அதை என்ன வேணா பண்ணலாம்.

இங்கிலீஷ்காரன் இதுல பெரிய ஆளு. ஜான் கேன்னு ஒரு கவிஞரு 1732ல செத்தவரு, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல ராசாமாரைப் பொதைச்ச எடத்துல அவரு கல்லுல அவரே எழுதுன ரெண்டு வரி இருக்கு. வாழ்க்கையே கேலிக்கூத்து, இருந்தப்ப அப்படி நெனச்சேன், இப்போ தெரிஞ்சுக்கிட்டேன்! இவ்ளோதான். அந்த எடத்துலயே போட விட்ருக்கான்.

ஆனா பெரியப்பச்சி பிரச்சினைக்குப் பொருத்தமானது ஸ்பைக் மில்லிகன் கதை. 1918ல நம்ம அகமத்நகர்ல பொறந்த ஆளு, பெறகு பிரிட்டிஷ் ரேடியோவுல பெரிய காமெடியன், பிள்ளைகளுக்குக் கிறுக்குத்தனமான குட்டிப் பாட்டெல்லாம் எழுதுனவரு. 2002ல செத்தாரு. கல்லறையில "எனக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொன்னேன்ல"ன்னு போடணும்னு ஆசை. இங்கிலீஷ்ல அப்படிப் போட சர்ச் நிர்வாகம் ஒத்துக்கல. குடும்பம் என்ன பண்ணுச்சு, அதையே ஐரிஷ் மொழியில வெட்டி வச்சுருச்சு! படிக்கத் தெரிஞ்சவன் சிரிப்பான், தெரியாதவன் ஏதோ வேத வசனம்னு கும்புட்டுப் போவான்.

அதனால என் யோசனை, ஐயா பாட்டை மலாய்ல மொழிபெயர்த்துப் போடுங்க. பினாங்கு வாழ்க்கைக்கு மரியாதையும் ஆச்சு.


தேவகோட்டை ரஸ்தா:

தன் சாவு தன் சொத்துன்னா சரி, அது பாக்கி இருக்கிறவுகளுக்கு எழுதி வச்ச சொத்தும்கூட. அதையும் கணக்குல எடுங்க. இங்கிலீஷ்காரன் எழுதுனதெல்லாம் ஒசத்தி இல்ல, புள்ளை நெருப்புல விழுந்து சாம்பலாச்சு, ரூமு குளிருது, ஆனா பாவம் அவனைக் கிளறிவிட மனசு வரலைன்னு ஒரு பாட்டு காலேஜ்ல எங்களுக்கு ஒரு புரொபசர் சொல்லிக்காட்டி சிரிச்சாரு. அதை எவன் ரசிப்பான்?


குன்றக்குடி குசும்பன்:

ஹாரி கிரகாம் பாட்டு அது, 19ஆம் நூற்றாண்டு கடைசியில எழுதுனது. சத்தியமா சொல்றேன் நான் ரசிப்பேன், ஏன்னா அந்தப் புள்ளை கிடையவே கிடையாது, அங்க கிண்டல் புள்ளை மேல இல்ல, குளிரைப் பத்திக் கவலைப்படுற பெரியவுக மேல. ஆனா அதை எழவு வீட்ல சொல்ல மாட்டேன். உங்க வீட்டு விசயம் படிச்ச பெறகு இந்த எடத்துல அதுக்கு மேல வாதாடவும் மாட்டேன்.


சிறுகூடல்பட்டி பக்கம்:

நம்ம மண்ணுல இதுக்கு முன்மாதிரி இருக்கும்போது லண்டனுக்கு எதுக்குப் போறீக? எங்க ஊர்ல பொறந்த கண்ணதாசன் உசுரோட நல்லா இருக்கும்போதே தனக்குத் தானே இரங்கற்பா எழுதி வச்சுக்கிட்டவரு, அதுல மதுக்கோப்பையைக்கூட விடல. பெறகு 1981 அக்டோபர்ல சிகாகோவுல போனாரு. தமிழ்நாடு பூரா எழவுக்கு இன்னைக்கும் அவரு பாட்டைத்தான் போடுறாக, அந்த மனுசன் தன் எழவுக்கு எழுதுனது பாதிப் பேருக்குத் தெரியாது.

கடுவெளிச் சித்தரு பாட்டு பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்துலயும் சொல்லிக் குடுத்திருப்பாகளே,

நந்த வனத்திலோர் ஆண்டி - அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தானொரு தோண்டி - மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி

நாலும் ஆறும் பத்து மாசம் காத்திருந்து வாங்குன ஒடம்பை ஆட்டம் போட்டே ஒடைச்சுட்டான்னு சொல்றாரு. மெட்டைக் கேட்டா கும்மி அடிக்கத் தோணும். பெரியப்பச்சி தேவாரம் போடச் சொன்னாகள்ல, இதையும் சித்தர் பாட்டுன்னு சொல்லி உள்ள விடுங்க, ஆட்சேபணை வராது. பட்டினத்தாரையும் போடலாம். காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கேன்னவரு வணிகர் குடும்பத்துப் புள்ளை, நம்மாளுகளுக்கு அவரு மேல தனிப் பாசம். பெட்டகம் பெட்டகமா சாமான் அடுக்கி வச்சிருக்கிற வீட்டு நடுவுல உக்காந்து அந்த வரியைப் பாடுறோமே, அதைவிடக் குசும்பு என்ன இருக்கு? அதுக்கு அடுத்த பக்கம் ஐயா பாட்டு வந்தா யாருக்கும் உறுத்தாது.


ஆத்தங்குடி ஆச்சி:

எல்லாரும் ஊரு உலகமெல்லாம் சுத்திட்டு வந்துட்டீக. நான் ஒண்ணு கேக்குறேன் தம்பி. எமன் பாட்டுக்கும் சாவிக்கொத்துப் பாட்டுக்கும் ஒரு பெரியவுக இந்தளவு புடிவாதம் புடிக்க மாட்டாக. ரெண்டு "மட்டும்" போடுறேன்னு எழுதியிருக்கீக. மூணாவது எங்க?


பள்ளத்தூர் பேரன்:

ஆச்சிகிட்ட மறைக்க முடியாது போல. இது பெரியப்பச்சியைப் பத்தினது. வீட்ல எல்லாருக்கும் தெரியும், வெளிய சொல்லல.

மூத்தவன் அழுகிறான் முகப்புல நின்னு
மூணு தெரு தாண்டிக் கேக்குது ஒலி
பாத்துப் பாத்து அழப்பா, பத்திரம் உள்ள
பெட்டகம் பூட்டலையே பயலே இன்னும்!

பெரியப்பச்சி அன்னைக்கு நெசமாவே ரொம்ப அழுதாக, முகப்புல தூணைப் புடிச்சுக்கிட்டு. அதான் எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஐயா எழுதி எத்தனை வருசம் இருக்கும்னு தெரியல, மை மங்கிப் போயிருக்கு.


ஆத்தங்குடி ஆச்சி:

அப்படிச் சொல்லுங்க. இது சாவுல சிரிக்கலாமா கூடாதாங்கிற கேள்வியே இல்ல, இவ்ளோ நேரம் எல்லாரும் வேற வழக்கைப் பேசிக்கிட்டு இருந்திருக்கோம். அப்பன் மகனைக் கிண்டல் பண்ணிட்டுப் போயிட்டாரு, மகனால பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியல. ஐயா இருந்திருந்தா "நீங்க அழ மாட்டீகளாக்கும்"னு கேட்டிருப்பாக, அதோட போயிருக்கும். இப்போ அதை ஊரு படிக்கிற மாதிரி அச்சுல வேற போடணும்ங்கிறீக.

பேரப்புள்ளைக நீங்க யாரும் முடிவு பண்ணாதீங்க. அந்தச் சிட்டையை அவுக கையில குடுத்துருங்க. டைப் அடிச்ச காயிதம் வேண்டாம், ஐயா கையெழுத்துலயே படிக்கட்டும். அவுக போடுன்னா போடுங்க, வேண்டாம்னா அந்த ஒண்ணை விட்டுருங்க, மத்த ரெண்டுக்கும் அப்பறம் தடை சொல்ல மாட்டாக, பாருங்க.


தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி சொன்னதுதான் சரி. நான் இவ்ளோ நேரம் சொல்ல வந்ததும் அதான், எனக்கு இந்த மாதிரி பதமா சொல்ல வரல.


பழைய ரேடியோ:

ஜார்ஜ் ஜோன்ஸ்னு கண்ட்ரியில பெரிய குரலு. 1980ல ஒரு பாட்டைப் பாடச் சொன்னப்ப இந்த எழவுப் பாட்டை எவன் வாங்குவான்னு ஸ்டுடியோவுல எரிஞ்சு விழுந்தாராம். சாகுற வரைக்கும் அவளை நெனச்சுக்கிட்டே இருப்பேன்னவன், செத்த அன்னைக்குத்தான் நிறுத்துறான்ங்கிறது கதை. அதுல ஒரு சொட்டு சிரிப்புகூட கெடையாது, ஆனா கதையை ஒரே வரியில சொல்லிப் பாருங்க, ஜோக்கு மாதிரிதான் இருக்கும். கடைசியில அவரு வாழ்க்கையிலயே பெரிய ஹிட்டு அதுதான். சிரிக்கிறதும் அழுகிறதும் பாடுறவன் எந்த வேகத்துல பாடுறாங்கிறதுல இருக்கு. அந்த மூணாவது பாட்டை பெரியப்பச்சியே மெதுவா படிச்சாருன்னா சபை கலங்கிரும்.


பள்ளத்தூர் பேரன்:

அப்டேட். நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் பெரியப்பச்சிகிட்ட சிட்டையைக் கொண்டு போய்க் குடுத்தேன். கண்ணாடி போட்டுக்கிட்டு முன்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சாக, பால் கணக்கு வேலையாள் சம்பளம் எல்லாம் ஒண்ணு விடாம, நடுவுல ஒரு கூட்டல் தப்புன்னு பென்சில்ல திருத்துனாக. எனக்குப் பொறுமையே போயிருச்சு. கடைசியா திருப்பிப் பாட்டுக்கு வந்தாக, மூணாவதை ரெண்டு தடவை படிச்சாக. மொகத்துல ஒண்ணும் தெரியல.

பெறகு சொன்னாக, "மூணு தெருவாம்ல. ஆறாவது தெருவுல இருக்கிற உங்க அயித்தைக்கே கேட்டுச்சாம், கணக்கு அன்னைக்கும் தப்பாத்தான் போட்ருக்காக." அவ்ளோதான், எந்திரிச்சுப் போயிட்டாக. காலையில அப்பச்சிகிட்ட சொல்லி விட்ருக்காக, மூணையும் போடு, ஆனா கீழ அடிக்குறிப்பு மாதிரி "ஆறு தெரு: மூத்த மகன்"னு சின்ன எழுத்துல போடணுமாம். அப்பத்தா கேட்டுட்டு, இந்தப் புத்தி எங்க இருந்து வந்துச்சுன்னு இப்போதானே தெரியுதுன்னாக.

சித்தர் பாட்டும் பட்டினத்தாரும் முன்னாடி வருது, நன்றி. மலாய் வேண்டாம் குசும்பன் அண்ணே. பாட்டு லிஸ்ட்டுல ஹேங்க் வில்லியம்ஸ் இருந்தாரு, முதல் நம்பரே அவருதான். பதினாறாம் நாள் சாயங்காலம் சொந்தக்காரவுக மட்டும் இருக்கும்போது ஸ்பீக்கர்ல போடலாம்னு இருக்கோம், காலையில ஐயர் இருக்கும்போது வேண்டாம்னு அப்பச்சி சொல்லிட்டாக.


பழைய ரேடியோ:

ரொம்ப சந்தோசம் தம்பி, போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, அந்த டேப்பையே ஓட்டப் பாருங்க, இழுத்தா பென்சிலை விட்டுச் சுத்திக்கலாம்.

ஆத்தங்குடி ஆச்சி, உங்ககிட்ட ஒரு கோரிக்கை. உங்க அப்பத்தா பாடுன பாவக்கா ஒப்பாரியை ராகத்தோட ஒரு தடவை போன்ல பாடிப் பதிஞ்சு அனுப்புவீகளா? எழுத்துல பாத்தா பத்தல.


ஆத்தங்குடி ஆச்சி:

வெளக்கு வைக்கிற வீட்ல ஒப்பாரி வைக்கக்கூடாதுப்பா, எங்க மருமக என்னை வெளிய அனுப்பிப்புடும். அடுத்த கேதத்துக்குச் சொல்லி அனுப்புறேன், ரெக்கார்டரோட வந்துருங்க. யாரு வீடுன்னு மட்டும் இப்போ கேக்காதீங்க.